பேஸ் மிகுந்த இணைய வானொலிக்கு ஒலியைச் சரிசெய்தல்: எஃப்.எம். பழக்கமும் ஸ்ட்ரீமின் தேவையும்

டப், ட்ரம் அண்ட் பேஸ், டப்ஸ்டெப், ட்ராப் என்று பேஸையே முதுகெலும்பாகக் கொண்ட இசையை நாள் முழுக்க ஓடவிடும் இணைய வானொலிகள் இன்று ஏராளம். இந்த இசைக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழையது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி நடத்திய சவுண்ட் சிஸ்டங்களில் வளர்ந்து, குடியேறியவர்களோடு லண்டனுக்குப் போய், அங்கே அடுக்குமாடிக் கட்டடங்களின் மொட்டைமாடியில் உரிமம் இல்லாமல் நட்டுவைத்த ஆன்டெனாக்கள் வழியாகப் பரவியது அது. 1994-இல் அப்படித் தொடங்கிய ரின்ஸ் எஃப்.எம். 2010-இல்தான் முறையான உரிமம் பெற்றது. ஆன்டெனாவின் இடத்துக்கு ஸ்ட்ரீம் வந்துவிட்டது. ஆனால் ஒலியை வெளியே அனுப்புமுன் பக்குவப்படுத்தும் கருவிகளும், அவற்றில் வைக்கப்படும் அளவுகளும் பெரும்பாலும் எஃப்.எம். காலத்தவை. பேஸ் மிகுந்த ஸ்ட்ரீம்களில் காதுக்குப் படும் குறைகளில் பெரும்பகுதி இந்தப் பொருத்தமின்மையிலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு.

பேஸை எவ்வளவு கூட்டலாம் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. பேஸ் வந்து விழும்போது மற்ற ஒலிகளுக்கு என்ன நேர்கிறது? பேஸ் இல்லாத நேரத்தில் கருவி என்ன செய்துகொண்டிருக்கிறது? இந்த இரண்டையும் ஒழுங்குபடுத்திவிட்டால் ஈக்வலைசரைத் தொடும் தேவையே அநேகமாக வராது.

எஃப்.எம். நிலையங்களில் ஒலிச்செயலி நுழைந்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. டிரான்ஸ்மிட்டரின் அலைவிலகல் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பக்கத்து நிலையத்துக்குத் தொல்லை, ஒழுங்குமுறை அமைப்பிடமிருந்து ஓலை. அதோடு ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற சங்கடம் வேறு. இரைச்சலைக் குறைப்பதற்காக மேல் அதிர்வெண்களைத் தூக்கி அனுப்பி, ரிசீவரில் இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 மைக்ரோவினாடி, அமெரிக்காவில் 75. பதினைந்து கிலோஹெர்ட்ஸில் முன்னது ஏறத்தாழ 13.6 டெசிபலும் பின்னது 17 டெசிபலும் கூட்டிவிடும். இதனால் ஹை-ஹாட் சிம்பல் ஒருபக்கம் கூரையை முட்டும். பேஸ் மறுபக்கம் கூரைக்குக் கீழே உள்ள இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே அறைக்குள் குடிவைக்கத்தான் கம்ப்ரஸர், லிமிட்டர், கிளிப்பர் என்று வரிசையாகக் கருவிகள் அடுக்கப்பட்டன. 1960-ஐ ஒட்டி சி.பி.எஸ். ஆய்வகத்திலிருந்து ஆடிமேக்ஸ் வந்தது. 1970-களில் மைக் டரோ மூன்று பேண்டாகப் பிரித்து அழுத்தும் கருவியைச் செய்தார். 1975-இல் ராபர்ட் ஓர்பனின் ஆப்டிமாட் 8000, லிமிட்டரையும் ஸ்டீரியோ ஜெனரேட்டரையும் ஒரே பெட்டியில் இணைத்தது. 1980-இல் வந்த 8100, ஒலியை 200 ஹெர்ட்ஸில் இரண்டாக வெட்டி, கீழ்ப்பகுதிக்கு ஒன்றும் மேல்பகுதிக்கு ஒன்றுமாக இரண்டு கம்ப்ரஸர்களை வைத்தது. அந்த இரண்டும் எவ்வளவு தூரம் சேர்ந்து நகர வேண்டும், எவ்வளவு தூரம் தனித்து நகரலாம் என்பதைத் தீர்மானிக்க முன்பலகையில் ஒரு குமிழ் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பேஸ் பற்றிய விவாதம் அந்த ஒரு குமிழைத்தான் சுற்றி வருகிறது.

ஸ்ட்ரீமுக்கு வந்தால் இந்தக் காரணங்களில் பாதி காணாமல் போகின்றன. அலைவிலகல் கிடையாது. ப்ரீ-எம்ஃபசிஸ் கிடையாது. காரில் டயலைத் திருகும்போது அடுத்தடுத்த நிலையங்களில் எது சத்தமாக இருக்கிறதோ அதில் விரல் நிற்கும் என்ற பழைய நம்பிக்கைக்கும் இங்கே இடமில்லை. கேட்பவர் கைபேசி ஆப்பைத் திறந்து, நிலையத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து வருகிறார். இன்னொரு மாற்றமும் உண்டு, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. எஃப்.எம். அறிவிப்பாளர் தன் குரலை ரிசீவர் வழியாகவே ஹெட்ஃபோனில் கேட்பார். அதனால் செயலி சில மில்லிவினாடிகளுக்கு மேல் தாமதிக்கக் கூடாது. தாமதித்தால் பேச்சு தடுமாறும். ஸ்ட்ரீமோ எப்படியும் பல வினாடிகள் பின்தங்கித்தான் போகிறது. ஆகவே வரப்போகும் அடியை முன்கூட்டியே பார்த்து மெதுவாகக் கையைத் தாழ்த்தும் லுக்-அஹெட் லிமிட்டருக்கு இங்கே தாராளமாக நேரம் கிடைக்கிறது. எஃப்.எம்.மில் கிளிப்பரை நம்பியிருந்ததற்கு அவசரமும் ஒரு காரணம். அந்த அவசரம் போய்விட்டது.

மிச்சமிருப்பவை இரண்டு தேவைகள். ஒன்று, வெவ்வேறு காலத்துப் பாடல்கள் அடுத்தடுத்து வரும்போது அளவு தாவாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, பேருந்திலும் சமையலறையிலும் கேட்பவருக்கு மெல்லிய பகுதிகள் காணாமல் போகக் கூடாது. இவை இரண்டுக்கும் மிதமான கருவிகளே போதும்.

பேஸ் ஏன் இவ்வளவு வம்பு செய்கிறது என்றால், நம் காது அதற்கு மந்தம் என்பதால். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்த சம உரப்பு வளைகோடுகளின் இன்றைய வடிவம் ஐ.எஸ்.ஓ. 226. அதன் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக இருக்கும் ஒலிக்குச் சமமாகக் கேட்க 50 ஹெர்ட்ஸ் ஒலி 78 டெசிபலை நெருங்க வேண்டும். அளவைக் கூட்டி 80 டெசிபலுக்குப் போனால் இடைவெளி இருபதுக்குச் சற்று மேலாகச் சுருங்குகிறது. ஆகவே பேஸ் கேட்க வேண்டுமானால் அதில் மின்னளவு மிகுதியாக இருந்தாக வேண்டும். அந்த மிகுதியைப் பார்த்துத்தான் கம்ப்ரஸர் மிரள்கிறது. காதுக்குப் பின்னணியாக இருக்கும் ஒன்று மீட்டருக்கு முன்னணியாகத் தெரிகிறது.

ஒலி முழுவதையும் ஒரே கையால் ஏற்றி இறக்கும் ஏ.ஜி.சி. எனப்படும் தானியங்கிப் பகுதியில் இது நேரடியாக வெளிப்படும். கிக் ட்ரம் விழும் ஒவ்வொரு முறையும் கருவி கெயினைக் குறைக்கிறது. அந்தக் குறைப்பில் பாடகரின் குரலும் அமிழ்கிறது, கிக் முடிந்ததும் குரல் மேலே வருகிறது. பம்ப்பிங் என்று சொல்வது இதைத்தான். நடன இசையில் தயாரிப்பாளரே வேண்டுமென்று கிக்கை வைத்துப் பின்னணி ஒலியை அமுக்கி எழுப்பியிருப்பார். அது அவருடைய தாளம். அதன்மேல் நிலையத்தின் கருவி தன் தாளத்தையும் போட்டால் இரண்டும் ஒட்டாமல் இழுபடும். இதற்கு முதல் மருந்து எளியது. ஏ.ஜி.சி. எதைக் கேட்டு முடிவெடுக்கிறதோ அந்தச் சைட்-செயினில் மட்டும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு ஹை-பாஸ் வடிப்பானைப் போட்டுவிட வேண்டும். வெளியே போகும் ஒலியில் பேஸ் அப்படியே இருக்கும். தீர்மானம் எடுக்கும் காதுக்கு மட்டும் பேஸ் எட்டாது.

டப் இசையை வைத்து இதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் செயலிகளுக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. கிங்ஸ்டனில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்து பின்னர் ஒலிப்பொறியாளராகப் பெயர்பெற்ற கிங் டப்பி, தன் மிக்ஸிங் கன்சோலில் இருந்த ஹை-பாஸ் வடிப்பானையே ஒரு வாத்தியம்போல் வாசித்தார். ட்ரம்மும் பேஸும் ஓடிக்கொண்டிருக்கும்போது குமிழைத் திருகினால் கீழ்ப்பகுதி முழுக்க மறைந்து, எதிரொலியும் கிட்டார் துணுக்கும் மட்டும் அந்தரத்தில் தொங்கும். நாலைந்து பார்கள் கழித்து பேஸ் திரும்ப வந்து விழும். அந்த விழுகைக்காகத்தான் கூட்டம் காத்திருக்கும். இப்போது அதே பாடல் விறைப்பாக வைத்த மல்டிபேண்ட் செயலி வழியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் இல்லாத அந்தப் பத்து வினாடியில் பேஸ் பேண்டைப் பார்த்துக்கொள்ளும் ஏ.ஜி.சி. சும்மா இருக்காது. அளவு குறைந்துவிட்டது என்று எண்ணிக் கெயினை ஏற்றிக்கொண்டே போகும்: மூன்று டெசிபல், ஆறு, ஒன்பது. முதலில் இசைத்தட்டின் அடியுறுமல் மேலே எழும்பும், பிறகு பழைய ஆம்பிளிஃபயரின் ஹம். சரியாக அந்த உச்சியில் பேஸ் திரும்புகிறது. ஒன்பது டெசிபல் அதிகமாக வந்து விழும் முதல் அடியை லிமிட்டர் பிடித்து நசுக்குகிறது, அடுத்த இரண்டு அடிகளுக்குள் ஏ.ஜி.சி. பதறிப்போய்க் கெயினைக் கீழே தள்ளுகிறது, குரலும் சிம்பலும் லிமிட்டரின் அழுத்தத்தில் சேர்ந்து புதைகின்றன. பொறியாளர் செதுக்கிவைத்த ஒரு கணம் கலங்கிய ஒலியாகக் கேட்பவரைச் சேர்கிறது.

இதைத் தடுக்க மூன்று இடங்களில் கைவைக்க வேண்டும். ஏ.ஜி.சி.யின் ரிலீஸ், அதாவது கெயின் மீண்டும் ஏறும் வேகம், மெதுவாக இருக்கட்டும். வினாடிக்கு ஒரு டெசிபலுக்கும் கீழே, அரை டெசிபல் என்றால் இன்னும் நல்லது. உள்ளே வரும் அளவு ஒரு வரம்புக்குக் கீழே போனால் கெயின் இருந்த இடத்திலேயே உறையும்படி கேட்டை வைக்க வேண்டும். மூன்றாவது, பழைய 8100-இன் அந்தக் குமிழ்: பேஸ் பேண்ட் நடுப்பகுதி பேண்டைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயரக் கூடாது என்று இரண்டையும் கட்டிவைப்பது. இன்றைய மென்பொருள்களில் இது கப்ளிங் என்ற பெயரில் இருக்கிறது. பேஸ் மிகுந்த இசைக்கு ஒரே ஓர் அளவைத்தான் மாற்ற முடியும் என்றால் நான் மாற்றுவது இதைத்தான். இரண்டு அல்லது மூன்று டெசிபலுக்கு மேல் பிரிய விடக்கூடாது. பேண்டுகளைத் தாராளமாகப் பிரியவிட்டால் எல்லாப் பாடலும் ஒரே மாதிரிக் கேட்கும். பேஸ் குறைவான பாடலுக்குப் பேஸ் ஏறும், நிறைந்த பாடலுக்கு இறங்கும். ஒரே சீரான ஒலி முத்திரை என்று வணிக நிலையங்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பேஸை நம்பி வாழும் நிலையத்துக்கு அது தற்கொலை.

அடுத்தது வேகம். இங்கே கணக்கு உதவுகிறது. 40 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்றை முடிக்க 25 மில்லிவினாடி ஆகும். ஒரு சுற்றில் மேல் உச்சி ஒன்று, கீழ் உச்சி ஒன்று; ஆக 12.5 மில்லிவினாடிக்கு ஓர் உச்சி. கம்ப்ரஸர் அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரமான அட்டாக் 2 மில்லிவினாடி, ரிலீஸ் 20 மில்லிவினாடி என்று வைத்தால் என்ன ஆகும்? அது ஒலியின் அளவைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு அலையின் வடிவத்தையே பின்தொடரத் தொடங்கும். ஒவ்வோர் உச்சியிலும் கெயினைக் குறைத்து, இரண்டு உச்சிகளுக்கு நடுவே ஏற்றும். அதாவது கெயின் வினாடிக்கு 80 முறை ஆடுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியை 80 ஹெர்ட்ஸில் ஆடும் கெயினால் பெருக்கினால் 120 ஹெர்ட்ஸில் புதிதாக ஓர் ஒலி முளைக்கும்: மூன்றாவது ஹார்மோனிக். சுத்தமான சப்-பேஸ் ஸ்வரம் கரகரவென்று ஆவது இப்படித்தான். இதைக் கேட்டுவிட்டுப் பலர் ஸ்பீக்கரைக் குறை சொல்கிறார்கள். பேஸ் பேண்டின் அட்டாக்கை 30 மில்லிவினாடிக்கு மேலும் ரிலீஸை 200-லிருந்து 400-க்குள்ளும் வைத்தால் இந்தக் கரகரப்பு அடங்கும். அட்டாக் மெதுவானால் கிக்கின் முதல் தட்டு அழுத்தப்படாமல் தப்பிக்கும் என்பது கூடுதல் லாபம். உச்சியைப் பிடிக்கும் வேலையைக் கடைசியில் உள்ள லிமிட்டர் பார்த்துக்கொள்ளும்.

பேஸ் என்று ஒன்றாகச் சொன்னாலும் அதில் இரண்டு ரகம் உண்டு. தட்டிவிட்டு மறையும் கிக் ஒன்று. நீண்டு நிற்கும் ஸ்வரம் மற்றொன்று. ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டி.ஆர்-808 ட்ரம் இயந்திரம் இந்த எல்லையை அழித்துவிட்டது. ஏறத்தாழ 12,000 மட்டுமே தயாரித்து மூன்றாண்டில் நிறுத்தப்பட்ட அந்த இயந்திரத்தின் கிக், 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மணியடித்ததுபோல் நீண்டு தேய்கிறது. ஹிப்-ஹாப்காரர்களும் பின்னால் ட்ராப்காரர்களும் அதை இன்னும் நீட்டி பேஸ் கிட்டாருக்குப் பதிலாகவே வைத்துக்கொண்டார்கள். ஆக, அழுத்தும் நேரம் கிக்குக்குப் பொருத்தமாக இருந்தால் அந்த நீண்ட வாலுக்குப் பொருந்தாது. மேலே சொன்ன மெதுவான அளவுகள் வாலுக்குச் சாதகமானவை, நான் அந்தப் பக்கமே சாய்வேன்.

கிளிப்பரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எஃப்.எம். செயலிகளில் பேஸ் கிளிப்பர் ஒரு முக்கிய உறுப்பு. கூரையைத் தாண்டும் பேஸ் அலையின் தலையைச் சீவி, அதில் பிறக்கும் ஹார்மோனிக்குகளை வடிப்பானால் மறைத்து, சத்தத்தைச் சம்பாதிக்கும். பேஸை மட்டும் சீவினால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். பேஸும் குரலும் சேர்ந்த ஒலியை ஒரே கிளிப்பரில் விட்டால்தான் கொடுமை. பேஸ் அலை உச்சியில் இருக்கும் ஒவ்வொரு கணமும் அதன்மேல் சவாரி செய்யும் குரலின் துண்டு வெட்டப்படும். வினாடிக்கு எண்பது நூறு முறை இப்படி வெட்டுப்பட்ட குரல் தொண்டை கட்டியதுபோல் கேட்கும். ஸ்ட்ரீமில் கிளிப்பரை அணைத்துவிட்டு லுக்-அஹெட் லிமிட்டரை மட்டும் வைத்துக்கொள்வதே சரி. அதுவும் சராசரியாக இரண்டு மூன்று டெசிபலுக்கு மேல் வேலை செய்யாதபடி முன்னுள்ள பகுதிகளை அமைத்திருக்க வேண்டும்.

ஃபேஸ் ரொட்டேட்டர் என்ற பகுதியையும் ஸ்ட்ரீமில் அணைத்துவிடலாம். மனிதக் குரலின் அலை ஒருபக்கம் சாய்ந்திருக்கும். அதைச் சமப்படுத்தி ஏ.எம்., எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்களில் இடம் மிச்சம் பிடிக்க வந்தது அது. குரலுக்கு நல்லது செய்யும்போதே கிக்கின் கூர்மையைக் குழைத்துவிடுகிறது. மாறாக, 25 அல்லது 30 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் கட்டாயம் வேண்டும். அதற்குக் கீழே இருப்பது அநேகமாக இசைத்தட்டின் கோணலும் மைக் ஸ்டாண்டின் அதிர்வும்தான். யாருக்கும் கேட்காமல் லிமிட்டரை மட்டும் சீண்டிக்கொண்டிருக்கும்.

இனி எந்த உரப்பில் அனுப்புவது என்ற கேள்வி. இதற்கு உலகப் பொது அளவுகோல் ஐ.டி.யு.வின் பி.எஸ்.1770, அதன் அலகு எல்.யு.எஃப்.எஸ். இதை வைத்து ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் 2010-இல் ஆர்128 பரிந்துரையில் தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் -23 என்று நிர்ணயித்தது. 2015-இல் ஏ.இ.எஸ். என்ற ஒலிப்பொறியியல் சங்கம் ஸ்ட்ரீம்களுக்கு -16-க்கும் -20-க்கும் இடையே இருக்கச் சொன்னது. ஸ்பாட்டிஃபை -14-ஐப் பிடித்துக்கொண்டதால் பல இணைய வானொலிகளும் அதையே வேதமாக எடுத்துக்கொண்டன. பேஸ் இசைக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1770 அளவுகோல் ஒலியை அளக்குமுன் ஒரு வடிப்பான் வழியே அனுப்புகிறது. அந்த வடிப்பான் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ நான்கு டெசிபலும் 40 ஹெர்ட்ஸில் ஐந்தரை டெசிபலும் குறைத்தே கணக்கிடுகிறது. காது பேஸுக்கு மந்தம் என்பதைப் பிரதிபலிக்கும் ஏற்பாடுதான், தவறில்லை. ஆனால் விளைவு என்ன? மீட்டர் -14 காட்டும் ஒரு கிட்டார் பாடலையும் -14 காட்டும் ஒரு டப்ஸ்டெப் பாடலையும் எடுத்தால், பின்னதில் உண்மையான மின்னளவு வெகு அதிகம்; கூரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறைவு. ஆகவே எல்லோரும் வைக்கும் -14-ஐ பேஸ் நிலையமும் வைத்தால் அதன் லிமிட்டர் மட்டும் ஓயாமல் உழைக்க வேண்டிவரும். -16 அல்லது -17 என்று வைத்தால் அந்த இரண்டு மூன்று டெசிபலில்தான் கிக் மூச்சுவிடும். கேட்பவர் வால்யூமை ஒரு புள்ளி கூட்டிக்கொள்வார், அவ்வளவே இழப்பு.

கூரையைப் பூஜ்ஜியத்தில் வைக்காமல், மாதிரிகளுக்கு இடையே எழும் உச்சியையும் கணக்கிடும் ட்ரூ பீக் அளவில் -1 டெசிபலில் வைக்க வேண்டும். பிட்ரேட் குறைவாக இருந்தால் -2 பாதுகாப்பானது. எம்பி3, ஏ.ஏ.சி. போன்ற கோடெக்குகள் ஒலியைத் திரும்பக் கட்டும்போது உச்சி முன்பிருந்ததைவிட உயர்ந்துவிடுவது வழக்கம். தலை சீவப்பட்ட ஒலியில் இந்தத் தாவல் இன்னும் மோசம்.

கோடெக்கும் பேஸும் எப்படி உறவாடுகின்றன என்பது பொதுவாகத் தவறாகவே புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. பேஸ் நிறைய இருந்தால் பிட்ரேட் நிறைய வேண்டும் என்று நினைக்கிறார்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் ஏ.ஏ.சி. ஒலியை 1,024 கோடுகளாகப் பிரிக்கிறது. ஒரு கோட்டுக்கு 21.5 ஹெர்ட்ஸ். ஆக 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள பேஸ் முழுவதும் ஐந்தே கோடுகளில் அடங்கிவிடும். அதற்கு எத்தனை பிட் செலவாகப்போகிறது? செலவு வேறெங்கோ இருக்கிறது. பேஸைச் சீவியதில் பிறந்த ஹார்மோனிக்குகள் மேலே நெடுக முளைத்திருக்கின்றன. அவற்றை உண்மையான இசை என்று நினைத்துக் கோடெக் பிட்டுகளை வாரி இறைக்கிறது, குரலுக்கும் சிம்பலுக்கும் மிச்சமில்லாமல் போகிறது. சுத்தமான பேஸ் கோடெக்குக்கு மலிவு. அழுக்கு பேஸ்தான் விலை அதிகம். இன்னொரு நுணுக்கம்: கூர்மையான அடி வரும்போது கோடெக் குறுகிய ஜன்னலுக்கு மாறும், ஏ.ஏ.சி.யில் அப்போது 128 கோடுகள்தான், ஒவ்வொன்றும் 172 ஹெர்ட்ஸ் அகலம். கிக்கும் அதன்கீழ் ஓடும் பேஸ் ஸ்வரமும் ஒரே கோட்டில் அந்தக் கணத்தில் குவிகின்றன. குறைந்த பிட்ரேட்டில் கிக் விழும்போது பேஸ் சற்று உதறுவதாகத் தோன்றினால் சந்தேகிக்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. ஏ.ஏ.சி.யில் 128 கிலோபிட், எம்பி3 என்றால் 192 வைத்துவிட்டால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. 48 கிலோபிட்டுக்கு இறங்கி ஹெச்.இ-ஏ.ஏ.சி. பயன்படுத்தும்போது மேல்பாதி அதிர்வெண்கள் கீழ்ப்பாதியைப் பார்த்துச் செயற்கையாகக் கட்டப்படுகின்றன. கீழே கரகரப்பு இருந்தால் மேலேயும் அதுவே நகலெடுக்கப்படும். அங்கே செயலியை இன்னும் மென்மையாக்க வேண்டும். வழக்கத்தில் நேர்மாறாக, பிட்ரேட் குறைந்த ஸ்ட்ரீமைத்தான் அதிகம் அழுத்துகிறார்கள்.

கேட்பவரின் கையில் இருப்பது பெரும்பாலும் கைபேசி. அதன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வராது, எவ்வளவு தூக்கினாலும் வராது. தூக்கினால் கைபேசியின் உள்ளிருக்கும் பாதுகாப்பு லிமிட்டர் பயந்து மொத்த ஒலியையும் குறைத்துவிடும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் 100, 150, 200 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகள் கேட்டால் மூளை அடியில் இருக்கும் 50-ஐத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். 1940-ஐ ஒட்டி டச்சு அறிவியலாளர் ஸ்கவுட்டன் ஆராய்ந்த இந்த விந்தையை வைத்துத்தான் வேவ்ஸ் நிறுவனத்தின் மேக்ஸ்பேஸ் போன்ற கருவிகள் வந்தன. இதை ஸ்ட்ரீமில் சேர்க்கலாமா என்பதில் இருவேறு கருத்துண்டு. கொஞ்சம் சேர்த்தால் கைபேசிக்காரருக்குத் தாளம் புரியும். ஆனால் அதே ஸ்ட்ரீமை நல்ல ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு, கலைஞர் சுத்தமாக விட்ட சப்-பேஸில் நிலையம் கலந்த மணம் தெரியும். டப்புக்கும் டப்ஸ்டெப்புக்கும் வேண்டாம் என்பேன். அவற்றின் அழகே அந்தச் சுத்தம். பழைய மெல்லிய பதிவுகள் நிறைய வரும் நிலையத்தில், இரண்டு மூன்று சதவீதம் என்ற அளவில், சகித்துக்கொள்ளலாம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரு சேனல்களையும் ஒன்றாக்கி மோனோவாக்குவதில் இந்தத் தயக்கம் தேவையில்லை. இசைத்தட்டு வெட்டுபவர்கள் ஊசி தாவாமல் இருக்க இதை அந்தக் காலத்திலேயே செய்தார்கள். மோனோவாக ஒலிக்கும் சிறிய ஸ்பீக்கரில் எதிரெதிர் கட்டத்தில் இருக்கும் பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதும் இதனால் தவிரும்.

உள்ளே வரும் பொருளே கெட்டுப்போயிருந்தால் இத்தனை கவனமும் வீண். 1990-களின் நடுவிலிருந்து இசைத்தொகுப்புகளை மேலும் மேலும் சத்தமாக்கும் போட்டி நடந்தது. 2008-இல் வந்த மெட்டாலிக்காவின் டெத் மேக்னெட்டிக், அதன் சி.டி.யைவிடக் கிட்டார் ஹீரோ விளையாட்டில் வந்த வடிவம் தெளிவாக இருக்கிறது என்று ரசிகர்களே சண்டைபிடிக்கும் நிலைக்குப் போனது. சந்தையில் போட்டியாளர்களான ஓர்பனும் ஆம்னியா செயலிகளின் ஃப்ராங்க் ஃபோட்டியும் ஒன்றுசேர்ந்து இந்தச் சத்தப் போட்டியைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்கள்: ஏற்கெனவே நசுக்கி வந்த பாடல் வானொலியில் கூடுதல் சத்தமாகக் கேட்பதில்லை, கூடுதல் அழுக்காகத்தான் கேட்கிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். சீவப்பட்ட உச்சிகளை ஊகித்துத் திரும்ப வளர்க்கும் டீ-கிளிப்பர் ஆம்னியா 9-இலும், ஹாலந்துக்காரர் ஹான்ஸ் வான் சுட்ஃபனின் ஸ்டீரியோ டூல் மென்பொருளிலும் இருக்கிறது. அதை வரிசையின் முதலில் வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒவ்வொரு பாடலின் உரப்பையும் தனித்தனியே அளந்து, ஓடும்போது அந்த வித்தியாசத்தை மட்டும் சரிக்கட்டினால் ஏ.ஜி.சி.யின் வேலையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். தமிழ்த் திரைப்பாடல்களை ஓடவிடும் இணைய வானொலிகளுக்கும் இது அப்படியே பொருந்தும். எண்பதுகளின் இளையராஜா பாடலில் பேஸ் கிட்டார் தனியே ஒரு பாடலைப் பாடிக்கொண்டு போகும், ஆனால் அளவில் அடக்கமாக. அடுத்து ஓர் அனிருத் பாடல் வந்தால் கிக் மட்டுமே கூரையைத் தொடும். இரண்டையும் மல்டிபேண்டிடம் ஒப்படைத்தால் முன்னதன் பேஸ் வீங்கும், பின்னதன் பேஸ் வாடும். பாடலுக்குப் பாடல் மொத்த அளவை மட்டும் சமன்செய்தால் இரண்டும் தத்தம் குணத்தோடு வரும்.

அளவுகளை வைக்கும் அறை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். நாலேகால் மீட்டர் நீள அறையில் அது சுவர்களுக்கிடையே நின்று ஆடும். சுவரோரம் அமர்ந்தால் பேஸ் இடிக்கும், நடுவில் அமர்ந்தால் காணாமல் போகும். நாற்காலியை ஒரு மீட்டர் நகர்த்தினால் தீர்ப்பே மாறிவிடும் அறையில் பேஸ் அளவை முடிவுசெய்யக் கூடாது. ஹெட்ஃபோன், கார், கைபேசி மூன்றிலும் கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். செயலியுடனும் செயலி இல்லாமலும் ஒப்பிடும்போது இரண்டின் உரப்பையும் மீட்டரால் சமப்படுத்திக்கொள்வது கட்டாயம். இல்லையென்றால் சத்தமாக இருப்பதே நல்லது என்று காது எப்போதும் ஏமாற்றும். முதல் ஐந்து நிமிடத்தில் பிரமாதமாகத் தோன்றும் அளவு ஒரு மணி நேரத்தில் களைப்பூட்டுவது சகஜம். இணைய வானொலியைக் கேட்பவர் வேலை செய்துகொண்டே மணிக்கணக்கில் கேட்பவர்.

இந்தத் துறையில் இப்போது மூன்று முகாம்கள் இருக்கின்றன. பாடலைத் தொடவே கூடாது, உரப்பை மட்டும் சமன்செய்தால் போதும் என்பது ஒன்று, எஃப்.எம். போலவே இறுக்கி, நிலையத்துக்கென ஒரு முத்திரை வேண்டும் என்பது இன்னொன்று, மெதுவான ஏ.ஜி.சி., இறுகக் கட்டிய பேண்டுகள், கடைசியில் மென்மையான லிமிட்டர் என்பது மூன்றாவது. பாடல்கள் எல்லாம் கோப்பிலிருந்தே வருகின்றன, நேரடி நிகழ்ச்சி இல்லை என்றால் முதல் முகாம் சொல்வதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. லிக்விட்சோப் போன்ற இலவச மென்பொருளிலேயே அதைச் செய்துவிடலாம். டி.ஜே.க்கள் வீட்டிலிருந்து நேரலையில் வந்து, ஆளுக்கொரு அளவில் மிக்ஸரைச் சிவப்பில் ஓட்டும் நிலையத்துக்கு மூன்றாவது வழிதான் சரிப்படும். இரண்டாவது வழியில் வருவது எஃப்.எம்.மின் குறை மட்டும்தான். அது எதற்காகச் சகித்துக்கொள்ளப்பட்டதோ அந்த லாபம் வராது. எக்ஸ்-ஹெச்.இ-ஏ.ஏ.சி. கோடெக்கில் உரப்பு, அழுத்தம் பற்றிய தகவல்களை ஒலியோடு சேர்த்தனுப்பி, எவ்வளவு அழுத்துவது என்பதைக் கேட்பவரின் கருவியிடமே விட்டுவிடும் வசதி இருக்கிறது. பேருந்தில் கேட்பவருக்கு அதிக அழுத்தம், வீட்டில் சப்வூஃபர் வைத்திருப்பவருக்கு அழுத்தமே இல்லாத ஒலி என்று ஒரே ஸ்ட்ரீமிலிருந்து இருவருக்கும் பரிமாற முடியும். எல்லாக் கருவிகளும் அதைப் படிக்கும்வரை, நிலையத்தின் பக்கம் -16 எல்.யு.எஃப்.எஸ்., -1 ட்ரூ பீக், பேஸ் பேண்டை மூன்று டெசிபலுக்கு மேல் பிரியவிடாத கப்ளிங் என்று வைத்து ஓட்டலாம்.